கோரைப்பல்

"ஹலோ... ஹலோ, கேக்குதா?... நான்தான்டா, அக்கா... ஆமா ஆமா, இங்க சிக்னல் அப்படித்தான். இரு, ரெண்டு படி மேல ஏறிக்கிறேன்... இப்போ?... சரி. டேய், புலியைப் பாத்துட்டேன்."

அந்தக் காட்டு விடுதியில் சாப்பாட்டுக் கூடத்தின் பின்படிக்கட்டில் மட்டும்தான் கைபேசிக்கு உயிர் வரும். காலைச் சவாரியில் பார்த்ததை அவள் குளிக்கும்போதும், தனி மேசையில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் அடக்கி வைத்திருந்தாள். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். கைபேசியில் இருந்தவர்கள் அவள் வேலை பார்க்கும் பல் கட்டும் பட்டறையின் முதலாளி, நாலைந்து பல் டாக்டர்கள், வாடகை வீட்டின் சொந்தக்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர். புலியைப் பார்த்தேன் என்று சொல்ல ஊர் உலகத்தில் தம்பி ஒருவன்தான் இருந்தான்.

"நெஜமாத்தான்டா... இன்னிக்குக் காலைல, விடிஞ்சும் விடியாம... சொல்லாமத்தான் கிளம்பினேன். சொன்னா நீ ஆயிரம் கேள்வி கேப்பே... என்னடா, அழறியா?... இதுக்குப் போய் அழுவாங்களா..."

தம்பி சின்ன வயசிலிருந்தே தொட்டதற்கெல்லாம் கண் கலங்குகிறவன். இருந்தாலும், தன் சந்தோஷத்துக்காக இன்னொருவர் அழுது எத்தனையோ காலமாகிவிட்டது.

"எப்படி இருந்துச்சா?... ரொம்ப வயசாயிடுச்சுடா. எலும்பு துருத்திக்கிட்டு நிக்குது... ம்... ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடக்குது... ஆமா, தானாத்தான். யாரு பிடிச்சுக்குவா?... நாலு எட்டு வெச்சுட்டு நின்னுச்சு. திரும்பி என்னையே பாத்துச்சு... அடையாளமா? சொன்னா சிரிப்பே, எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. என்னை ரொம்ப நாளாத் தெரிஞ்ச மாதிரி... பேசுச்சாவா? போடா. சும்மா பாத்துச்சு, அவ்ளோதான்... கிட்டப் போகலடா, போகக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க... நீ ஏன் அவங்களைத் திட்டறே, நம்ம நல்லதுக்குத்தானே சொல்றாங்க."

ஜீப்பில் மொத்தம் ஏழு பேர். புதரை விலக்கிக்கொண்டு அது வெளியே வந்தபோது எல்லாருடைய கையும் பக்கத்துக் கையைத் தேடிப் பிடித்தது. மனைவி கணவனை, மகள் அப்பாவை. அவள் கை கொஞ்சம் தடுமாறிவிட்டு ஜீப்பின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. பனியில் நனைந்த கம்பி. இதையும் தம்பியிடம் சொல்லலாமா என்று அவள் யோசிப்பதற்குள் அவன் வேறெதையோ கேட்டான்.

"பல்லா?... பாக்காம இருப்பேனா, என் பொழப்பே அதுதானே. கொட்டாவி விட்டப்போ பாத்தேன். மேல் கோரைப்பல் ஒண்ணு பாதியோட ஒடைஞ்சிருக்கு... ஆமாடா, ஒடைஞ்சுதான் இருக்கு... என்னது?... நான் செஞ்சதா? நான் எப்படா புலிக்குப் பல்லு..."

அவள் நிறுத்திக்கொண்டாள்.

சிறு வயதில் அவர்கள் இருவரும் அப்பாவுக்கு வைத்த பெயர் புலி. வேலை முடிந்து அவர் தெருமுனையில் திரும்புவதை முதலில் பார்க்கிறவர் மெதுவாகப் 'புலி' என்பார். ரேடியோ நிற்கும். சிரிப்பு நிற்கும். அவர் காதில் விழுந்தாலும் புரியக்கூடாது என்பதால் அது வருது, அது தூங்குது, அது இன்னிக்குக் கோவமா இருக்கு என்றே பேசிப் பழகினார்கள். வளர்ந்த பிறகும் அந்தப் பேச்சு மாறவில்லை. ஒரு நாள் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தனியாக வாழ்ந்துகொள்கிறேன் என்று வாசலில் நின்றபோது அது செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. பக்கவாதம் வந்து, அவர் முதியோர் இல்லத்துக்குப் போனபின் தம்பி டாக்டரை வைத்து ஈறின் அச்சை எடுத்து அனுப்பினான். அவள்தான் பல் செட்டு செய்தாள். யார் செய்தது என்று அவரிடம் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"...நீ இப்ப எங்க இருக்கே?... அங்கயா?... ரூமுக்கு வெளியிலயா? இருடா, உள்ள போகாதே, நான் சொல்றதைக் கேளு. நான் அங்க வரல... இல்லடா. நெஜப் புலி. நான் காட்டுல இருக்கேன்."

அந்தப் பக்கம் இல்லத்தின் தாழ்வாரத்தில் ஒரு தள்ளுவண்டி உருண்டு போகும் சத்தம் கேட்டது. அது தேய்ந்து அடங்கியது. தம்பி திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

"நான் லீவு போட்டிருக்கேன்னுதானே சொன்னேன். வரேன்னா சொன்னேன்?... நீயா நெனச்சுக்கிட்டு அவர்கிட்ட ஏன்டா சொன்னே... அன்னிலேர்ந்து தினமுமா? யாரு, அந்த நர்ஸம்மாவா சொன்னாங்க?... எழுந்ததுமே பல்லை மாட்டிவிடச் சொல்றாரா... அவருக்குத்தான் பேச்சே இல்லையே... ம்... கிண்ணத்தைக் கை காட்டி... ம்... ராத்திரி வரைக்கும் கழட்டவே விடறதில்லையா..."

அவர் என்று தன் வாயிலிருந்து வந்ததை அவளே கேட்டாள்.

"ஈறு புண்ணாயிடும்டா. அவ்ளோ நேரம் போட்டிருக்கக் கூடாது... வேண்டாம், என்கிட்ட குடுக்காதே. நான் என்ன பேசுவேன்... டேய், கதவைத் திறக்காதே... டேய்..."

கதவு கிறீச்சிட்டது. நாற்காலி நகர்ந்தது. பிறகு காதுக்கு மிக அருகில் ஒரு மூச்சு, கொஞ்சம் சீழ்க்கையோடு. பல் செட்டின் மேல் தட்டு சரியாகப் படியவில்லை என்று அவள் தொழில் புத்தி சொன்னது.

"அப்பா... நான்தான்."

மூச்சு மட்டும்.

"காட்டுக்கு வந்தேம்ப்பா. தனியாத்தான்... இங்க ஒரு புலியைப் பாத்தேன். வயசான புலி. எல்லாரும் பயந்துட்டாங்க, எனக்குப் பயமே இல்ல... அப்பா, அந்தப் பல்லு நான் செஞ்சது. கடிக்குதா? கடிச்சா கழட்டி வெச்சிருங்க. நான் வந்து ராவிச் சரி பண்றேன்... நான் வரும்போது பல்லு இல்லாட்டியும் பரவால்லப்பா."

விடுதி வாசலில் மாலைச் சவாரிக்கான ஜீப் ஹாரன் அடித்தது. ஓட்டுநர் அவளைத் தேடி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவள் எழுந்திருக்கவில்லை.

"நாளைக்கு வரேன்... கேக்குதாப்பா?"

மூச்சுச் சத்தம் இப்போது இல்லை. இணைப்பு போயிருக்கலாம். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டும் இருக்கலாம். இரண்டும் அவள் காதுக்கு ஒன்றுபோலவே இருந்தன. கைபேசியை எடுத்துத் திரையைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். அவள் எடுக்கவில்லை.

"நாளைக்குப்பா... காலைலயே."