கண்ணை மூட முடியாத பாஸ்டரம்மா

— அசையாதே! பேயா இருந்தாலும் சரி, அசையாதே! என் கையில பைபிள் இருக்கு!

— ஃபெரேத்தி, முதல்ல அந்த டார்ச்சை என் மூஞ்சியில இருந்து எடு.

— ஐயோ, பேரெல்லாம் சொல்லுதே! என் பேரு உனக்கு எப்படித் தெரியும்?

— உன் நாலு பிள்ளைங்க ஞானஸ்நானத்துக்கும் நான்தான் துணி மாத்திவிட்டேன். நாலும் என் மடியிலதான் ஒண்ணுக்குப் போச்சு. என் குரல் தெரியலையா உனக்கு?

— பாஸ்டரம்மா மாதிரியே பேசுது. தெரிஞ்சவங்க குரல்லதான் பேசும்னு சொல்லியிருக்காங்க. நான் ஏமாற மாட்டேன், என் முட்டி மேல சத்தியமா.

— ரக்பி ஆடி உடைச்ச முட்டி மேல எத்தனை சத்தியம்டா பண்ணுவே! கவனி. போன ஞாயித்துக்கிழமை கடைசிப் பாட்டு முடியுறதுக்கு முன்னாடியே ஆமென்னு கத்தினது யாரு? வீட்டுல பன்னி வெந்துக்கிட்டிருக்குன்னு அவசரப்பட்டது யாரு? பேய் இதையெல்லாமா குறிச்சு வச்சிருக்கும்?

— பாஸ்டரம்மா! நீங்களேதான்!

— பெனினாவேதான். மூச்சு விடு. விழுந்துடப் போறே.

— ஷ்ஷ்! மெதுவாப் பேசுங்கம்மா. ரெண்டாவது சங்கு ஊதியாச்சு. இது சா நேரம். கீழ ஊரே ஜெபத்துல இருக்கு.

— கத்தினது நீ.

— நான் காவல்காரன், வேலை நிமித்தமா கத்தினேன். சா நேரத்துல ஒருத்தரும் வெளிய நடமாடக் கூடாது, அதைப் பார்க்கத்தானே எங்களைத் தெருவுல நிறுத்தியிருக்காங்க. நீங்க எப்படி இந்த மலை மேல, எங்க தோட்டத்துல, அதுவும் என் வண்டியில?

— செடிக்குள்ள பன்னி மேயுது. வேற எங்க உட்காரச் சொல்றே? உன் வண்டிதான் சேம்பங்கிழங்கு மூட்டையோட மெத்தை மாதிரி இருந்துச்சு.

— மூணு நாளாம்மா! மூணு நாளா முதல் சங்கு ஊதினதும் வெள்ளை உருவம் ஒண்ணு மலை ஏறுதுன்னு பிள்ளைங்க பார்த்துட்டு அலறுது. பெரியவங்க கூடி உட்கார்ந்து பேசி, என்னை அனுப்பி வச்சாங்க.

— உன்னை ஏன்?

— நூத்தி முப்பது கிலோ. பேயால தூக்க முடியாதாம்.

— ஆண்டவரே!

— சிரிக்காதீங்கம்மா. வர்ற வழியில நான் மூணு தடவை அழுதேன். ஏன் வெள்ளையில வந்தீங்க?

— தாய்மார் பாட்டுப் பயிற்சிக்கு வெள்ளைதானே உடுத்தணும், முடிச்சு நேரா வர்றேன். துணி மாத்த நேரம் ஏது? சரி சரி, ஏறி உட்காரு. மூணாவது சங்கு ஊதுற வரைக்கும் ரெண்டு பேரும் இறங்கிப் போக முடியாது. டயருக்கு அடியில கல்லு இருக்குல்ல?

— இருக்கு. சரிவுல நிறுத்தினாத்தான் இது கிளம்பும். நகருங்க. ஹூம்ம்... ஏறியாச்சு.

— உன் வண்டி ஒரு பக்கமாச் சாயுது.

— பழகிடுச்சு அதுக்கு. அம்மா, இப்ப நான் என்ன செய்யணும்? சா நேரத்துல பிடிபட்டா ஒரு பெட்டி மீன் டின்னு அபராதம். அந்தப் பெட்டி போறது போதகர் வீட்டுக்கு. போதகர் சம்சாரமே பிடிபட்டா? உங்க வீட்டுல இருந்து எடுத்து உங்க வீட்டுலயே வைக்கணுமா?

— சமையலறையில இருந்து கூடத்துக்கு மாத்தி வைக்கிறேன், போதுமா?

— சட்டம் போட்டவங்க இதை யோசிக்கவே இல்லைம்மா. போதகர் கிட்ட என்ன சொல்லிட்டு வந்தீங்க?

— நோயாளியைப் பார்க்கப் போறேன்னு.

— மூணு நாளாவா?

— மூணு நாளா ஒரே நோயாளி. நான்தான். அதனால அது பொய்யில சேராது.

— அந்தப் பையில என்னம்மா? கொடுங்க, பார்க்கணும். காவல்காரன் கேட்டா காட்டணும்.

— ஒண்ணும் இல்லை. பாஸ்போர்ட்டு. மெழுகுவத்தி. இறைச்சி டின்னு ரெண்டு.

— இது என்ன, பல்லு? அம்மா! இது யார் பல்லு?

— போதகரோடது. பழைய செட்டு. அலை வந்து புதுசை அடிச்சிட்டுப் போயிடுச்சுன்னா, பல்லு இல்லாம அந்த மனுஷன் எப்படிப் பிரசங்கம் பண்ணுவாரு? அதான் பத்திரமா... ஃபெரேத்தி, சிரிக்காதே. டேய், மெதுவா! வண்டி குலுங்குது! கல்லு நகரப் போகுதுடா!

— முடியலைம்மா... வயிறு... வயிறு வலிக்குது... ஊரே தண்ணியில போகும்போது நீங்க மலை மேல நின்னுக்கிட்டு, போதகரே இந்தாங்க பல்லுன்னு...

— போதும்! எனக்கும் வந்துடும்... ஐயோ... வந்துடுச்சு.

— அம்மா, சிரிக்கிறீங்களா, அழறீங்களா?

— ரெண்டும்தான். டார்ச்சை அணை.

— அப்ப பேய்க்கு இல்லை, அலைக்குப் பயந்தா மேல வர்றீங்க?

— இந்த மாசத்துல மூணு தடவை நிலம் ஆடிச்சு, தெரியுமில்ல?

— ஆடிச்சு. சின்னச் சின்னதா. ரேடியோவுலயும் ஆபத்து இல்லைன்னாங்க.

— உனக்குச் சின்னது. எனக்கு நிலம் லேசா நடுங்கினாலே கால் தானா ஓட ஆரம்பிச்சுடுது. முதல் தடவை சோத்துச் சட்டியோட ஓடினேன். ரெண்டாவது தடவை போதகரை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு ஓடினேன்.

— பூட்டிட்டா?

— பழக்கத்துல பூட்டிட்டேன். பாவம், ஜன்னல் வழியாக் குதிச்சாரு. எதுக்குப் பூட்டினேன்னு இதுவரைக்கும் கேட்கலை. நல்ல மனுஷன்.

— எங்க ஊர்ல பேய்க்குப் பயப்படாதவங்க நீங்க ஒருத்தர்தான்னு நினைச்சேன்.

— பேய் என்னடா பண்ணும்? பேய் தண்ணியா? கவனி, ஃபெரேத்தி. அந்த வருஷம் நிலம் ஆடி, பெரிய அலை ஊருக்குள்ள வந்தப்ப நான் கறிப்பலா மரத்தைப் பிடிச்சுத் தொங்கினேன். ஒரு கையில மரம், இன்னொரு கையில சியாலெய். என் பக்கத்துல நின்னு பாடுவாளே, அவ. அவ கை வழுக்கிடுச்சு. அன்னையில இருந்து கண்ணை மூடினா அந்தத் தண்ணிதான் வருது. தூங்கும்போது மூடுறதுகூட அசந்துபோய்த்தான் மூடும். ஆனா ஜெபத்துக்கு நாமளா மூடணும்ல? அதான் முடியலை.

— அப்ப இத்தனை வருஷமா?

— கண்ணைத் திறந்துக்கிட்டே. எல்லாரும் தலை குனிஞ்சிருப்பீங்க, நான் ஜன்னல் வழியாக் கடலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். உதடு மட்டும் அசையும். இந்த மாசம் அதுவும் முடியலை. சங்கு ஊதினாலே எல்லாரும் கண்ணை மூடிட்டா அலை வர்றதை யாரு பார்க்கிறதுன்னு தோணுது. கிளம்பி வந்துடுறேன்.

— இது எப்படிம்மா... என் வீட்டுக்காரி ராத்திரி கடல் இரைச்சல் கேட்டா என்ன சொல்வா தெரியுமா? பாஸ்டரம்மா வீட்டுல விளக்கு எரியுதா பாருங்க, எரிஞ்சா நமக்காக ஜெபம் பண்றாங்க, நிம்மதியாத் தூங்கலாம்னு.

— அடப்பாவி! தூக்கம் வராம எரியுற விளக்குடா அது!

— நாங்க ஆறு பேரும் அதைப் பார்த்துத்தான் குறட்டை விடுறோம்!

— என் பயத்துல உன் குடும்பமே தூங்குது. நல்லாயிருக்கு. இனிமே வேற விளக்குப் பார்த்துக்கோங்க.

— ஏன்?

— உள்நாட்டுல, மலைச் சபையில இருந்து கடிதம் வந்திருக்கு. போதகரா வர முடியுமான்னு. கடல் கண்ணுக்கே தெரியாத ஊரு. நாளைக்குப் பதில் போட்டாகணும். அவரு, நீ என்ன சொல்றியோ அதுதான்னுட்டாரு. வரோம்னு எழுதச் சொல்லப் போறேன்.

— எங்களை விட்டுட்டுப் போறீங்களா? பதினாறு வருஷம் ஆச்சும்மா!

— ஜெபம் பண்ண முடியாத பாஸ்டரம்மாவை வச்சு என்னடா பண்ணப் போறீங்க? பல்லு செட்டைத் தூக்கிக்கிட்டு மலை ஏறுறவளை வச்சு?

— அம்மா, நான் ஒண்ணு கேட்கட்டுமா? சா நேரத்துல எல்லாரும் கண்ணை மூடுவாங்க. அப்ப ஊர்ல கண்ணைத் திறந்துக்கிட்டு நிக்கிறது யாரு?

— என்னைக் குத்திக் காட்டுறியா?

— இல்லைம்மா, நாங்க! காவல்காரங்க! பதினெட்டு வயசுல இருந்து தெருவுல நிக்கிறேன். நான் இந்த ஊர்க் குடும்ப ஜெபத்துல கண்ணை மூடினதே கிடையாது. திருட்டுப்பய மாதிரி முழிச்சுக்கிட்டே நிப்பேன். எதுக்கு? மத்தவங்க மூடுறதுக்கு. அதுதானே வேலையே?

— ம்.

— உங்களுக்கு மட்டும் ஏன் ரெண்டு வேலை? நீங்க மூடுங்க. கடலை நான் பார்க்கிறேன்.

— நீயா? நீ பேயைக் கண்டா ஓடுற ஆளு.

— பேய்க்குத்தான் ஓடுவேன். கடலுக்கு ஓட மாட்டேன். தண்ணி லேசா உள்வாங்கினாக்கூட உங்களை மூட்டையோட தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு உச்சிக்கு ஓடுறேன். என் முட்டி மேல சத்தியமா!

— அந்த முட்டி எட்டு அடி தாங்காது.

— அப்ப என் நாலு பிள்ளைங்க மேல.

— ...சரி. இமைக்கக் கூடாது.

— இமைக்கலை.

— பொய் சொல்லாதே, இப்ப இமைச்சே.

— அது கடைசி. மூடுங்கம்மா.

— மூடுறேன். ஐயோ, வருது. தண்ணி வருது.

— வரலைம்மா. நான் பார்த்துக்கிட்டிருக்கேன். நிலா வெளிச்சத்துல கடல் தட்டு மாதிரி கிடக்கு. ரெண்டு படகு நிக்குது. கரையில ஒரு நாய் நடந்து போகுது, அதுக்கும் அபராதம் போடணும். சொல்லுங்க.

— ஆண்டவரே. ரொம்ப நாள் கழிச்சுக் கண்ணை மூடி வந்திருக்கேன். எனக்குப் பயமா இருக்கு... ஃபெரேத்தி, நெளியாதே.

— கால் மரத்துப்போச்சும்மா. இனிமே அசைய மாட்டேன். சொல்லுங்க.

— ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. இதை நான் உம்மகிட்ட சொன்னதே இல்லை. ஊருக்காகக் கேட்டேன், நோயாளிங்களுக்காகக் கேட்டேன், பாட்டுல சுருதி சேரணும்னுகூடக் கேட்டேன். எனக்குப் பயமா இருக்குன்னு மட்டும் சொல்லலை. பாஸ்டரம்மா சொல்லலாமான்னு வெட்கம். உலகமே பயந்து கிடக்கு, ரேடியோவைத் திறந்தா புயல், சண்டை, காய்ச்சல். எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறாங்க. நான் யார் முகத்தைப் பார்க்கிறது? சியாலெய் கையை நான் விடலை, ஆண்டவரே. அது வழுக்கிடுச்சு. உமக்குத் தெரியும். தெரியும்தானே? அவளை நீர் பிடிச்சிருப்பீர்தானே? உம்ம கை வழுக்காதுதானே?

— ...

— ஆண்டவரே, இந்த ஃபெரேத்தியை மன்னியும். இப்பவும் சிரிக்கிறான். வண்டி ஆடுது. டேய், பல்லு செட்டை மறந்துடு!

— சொல்லுங்கம்மா. நிறுத்தாதீங்க. கடல் இருந்த இடத்துலயே இருக்கு.

— சிரிச்சுக்கோ, போ. ஆண்டவரே, அவன் சிரிக்கட்டும். எனக்கும் சிரிப்பா வருது. என்னமோ இடுப்புக்கட்டு அவிழ்ந்த மாதிரி இருக்கு, மன்னியும், வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. தண்ணி வரலையே! கண்ணை மூடியிருக்கேன், தண்ணி வரலை! இருட்டா இருக்கு, ஆனா நல்ல இருட்டு. நீர் இங்கதான் இருக்கீரா? இந்தக் கிழங்கு மூட்டை மேலயா? இருந்துக்கும், இருந்துக்கும். ஆமென்.

— ஆமென்.

— பரவாயில்லை, இன்னைக்கு நீ முந்திக்கலை. ஏன் அங்க போய் நிக்கிறே?

— சும்மா. கடலைப் பார்க்க மாங்கிளை மறைச்சுது.

— மூணாவது சங்கு ஊதுறாங்க பாரு. கீழ ஏன் நாயெல்லாம் இப்படிக் குரைக்குது?

— குரைக்கட்டும்மா. இறங்குங்க, கையைக் கொடுங்க. முகமே வேற மாதிரி இருக்கு உங்களுக்கு.

— லேசா இருக்குடா. பாடணும் போல இருக்கு, ஓடிப் பிடிச்சு விளையாடணும் போல இருக்கு. ரொம்ப நன்றி. ஆனா கடிதம் எழுதத்தான் போறேன்.

— ஏம்மா? இப்பத்தான் நிம்மதி கிடைச்சுதே?

— கிடைச்சுது. கடல் தட்டு மாதிரி கிடந்தா யாருக்குத்தான் கிடைக்காது? நான் என்னை ஏமாத்திக்க மாட்டேன். நாளைக்கே நிலம் லேசா ஒரு ஆட்டு ஆடட்டும், ஜெபமாவது ஒண்ணாவது, போதகரைப் பூட்டிட்டு ஓடிடுவேன். நிலம் ஆடும்போதும் உட்கார்ந்திருக்கணும், அதுக்குப் பேர்தான் நிம்மதி. அது எனக்கு வராது. ஏன் அப்படிப் பார்க்கிறே?

— சொன்னா ஓட மாட்டீங்களே?

— என்னடா?

— கால் மரத்துப்போச்சுன்னு சொன்னேனே, அப்பவே நான் இறங்கிட்டேன்மா. வண்டியை ஆட்டினது நான் இல்லை, நிலம்.