கருங்கவசன் எத்தனை மடங்கு

பத்தொன்பது வருடமாகக் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறேன், ஒரு தடவைகூட எனக்குச் சளி பிடித்ததில்லை. உங்கள் காவல் நிலையத்தில் இந்த மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் உட்கார்ந்ததில் மூக்கு ஒழுகுகிறது. குறையாகச் சொல்லவில்லை, ஐயா. நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னீர்கள். நானும் எதையும் விட்டுவிடாமல் சொல்லிப் பழகியவன்.

முதலில் உங்கள் காகிதத்தில் ஒரு திருத்தம். ‘வீடியோ கேம் தகராறு’ என்று எழுதியிருக்கிறீர்கள். தகராறு என்றால் இரண்டு பேராவது சத்தம் போட்டிருக்க வேண்டும். நான் யாரிடமும் குரலை உயர்த்தாதவன், கிடங்கில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என் தங்கை கணவரிடம் நான் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. கலகலப்பான மனிதர், எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

கருங்கவசனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அந்த விளையாட்டின் நாயகன் அவன். அவனுக்கு எதிரிகள் ஏராளம் என்றாலும், ஒரு பேச்சுக்காவது அவன் பக்கத்தில் நிறுத்தத் தகுந்தவர்கள் இரண்டே பேர். பார்வையாலேயே எரித்துவிடும் தீவிழியாள் ஒருத்தி, மலைவிழுங்கி என்ற ராட்சதன் ஒருவன். இந்த மூவரில் யார் பலசாலி என்று விளையாட்டைச் செய்த கம்பெனிக்காரர்கள் இன்றுவரை சொல்லவில்லை. அதைவிட முக்கியமான வேலைகள் அவர்களுக்கு இருக்கின்றன, நாயகனுக்கு ஆறாவது தொப்பி தைப்பது மாதிரி. ஆகவே அந்தப் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது.

எங்கள் என்றால், இணையத்தில் ஒரு மன்றம். கேஸ் சிலிண்டரை வாசலிலிருந்து அடுப்படிக்கு உருட்ட முடியாத நாலாயிரம் பேர் கூடி, கோட்டைக் கதவைப் பெயர்க்க எவ்வளவு பலம் வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் இடம். அதில் கையில் அளவு வைத்துக்கொண்டு பேசியவன் நான் ஒருவன்தான். இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளில் ஓர் அட்டவணை போட்டிருந்தேன். கருங்கவசன் பிளந்த பாறை எத்தனை அடி, அந்த வகைக் கல்லுக்கு எவ்வளவு எடை, வாள் மேலிருந்து கீழே வர எத்தனை நொடி, எல்லாம் உண்டு. யார் ஜெயிப்பார் என்று யார் வேண்டுமானாலும் வாயால் சொல்லலாம். எத்தனை மடங்கு என்று சொல்லத்தான் உழைப்பு வேண்டும். ஆறு வருடம் அந்த அட்டவணையின் முதல் வரியில் கருங்கவசன் இருந்தான். யாரும் அசைக்கவில்லை.

நான்காம் கட்டத்தில் அவனுடைய கவசத்தைத் திருடிக்கொண்டு அவனைப் பனிக்குழியில் தள்ளிவிடுவார்கள். வெறும் சட்டையோடு மூன்று நாள் அந்தப் பனிக்குள் நடந்து, நான்காம் நாள் காலை தானாக ஏறி வருவான். யாரும் உதவிக்கு வரவில்லை, அவனும் யாரையும் கூப்பிடவில்லை. அதை முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. சொல்ல வெட்கப்படவில்லை. தினமும் அந்தக் குளிருக்குள் போய் வருபவனுக்குத்தான் அது என்ன காரியம் என்று புரியும்.

தங்கை கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கல்யாணமானதும் இரண்டு பேரும் எங்கள் வீட்டு மாடியறைக்கே வந்துவிட்டார்கள். நான்தான் வரச் சொன்னேன். ஒரே மாதத்தில் வீட்டில் உள்ள நாற்காலியெல்லாம் அவருக்குப் பழகிவிட்டது. என்னிடம் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினாலே அதிகம் என்று இருந்த என் தங்கை, அவர் வாயைத் திறந்தாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பொழுது போகவில்லை என்று விளையாட்டைக் கேட்டார். சொல்லிக் கொடுத்ததும் நான்தான். மன்றத்தில் சேர்த்துவிட்டதும் நான்தான். இந்த வழக்கில் எனக்கு எதிராக ஏதாவது இருக்கிறது என்றால், அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

அவர் மலைவிழுங்கியின் கட்சியில் சேர்ந்தார். காரணம் கேட்டேன். அவனுக்கு முகம் அப்பாவியாக இருக்கிறதாம். இப்படியும் ஓர் அளவுகோல். ஆனால் வேடிக்கையாக எழுதுவார், மன்றத்தில் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். நான் ஒரு வாரம் உட்கார்ந்து எடை போட்ட பாறையை அவர் ஒரு வரி நக்கலில் ஊதித் தள்ளுவார். முன்னூறு பேர் கைதட்டுவார்கள்.

அவர்கள் மாடியறைக்கு வந்த எட்டாவது மாதம். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்.

“மச்சான், கருங்கவசன் பனிக்குழில மூணு நாள் இருந்தான், சரி. சாதாரண ஆளு எவ்வளவு நேரம் இருப்பான்? அது தெரியாம நாப்பது மடங்குன்னு எப்படிப் போட்டீங்க?”

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த நாற்பது எங்கிருந்தும் வரவில்லை. குத்துமதிப்பாகப் போட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளில் அந்த ஒரே ஒரு வரிதான் குத்துமதிப்பு, ஆறு வருடமாக ஒருவர் கண்ணிலும் படவில்லை. இவர் கண்ணாடிக் கடைக்காரர், இவர் கண்ணில் பட்டுவிட்டது.

“அண்ணே, நல்லா மாட்டிக்கிட்டியா?” என்று தங்கை சிரித்தாள். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் அதே கேள்வியை மன்றத்தில் எழுதிவிட்டார். வாக்கெடுப்பு வைத்தார்கள். கருங்கவசன் மூன்றாவது இடத்துக்கு இறங்கினான். இரண்டாவதுகூட இல்லை, ஐயா. கண்ணைக் கட்டிவிட்டால் கதவைத் தடவிக்கொண்டு நடக்க வேண்டிய அந்தத் தீவிழியாளுக்கும் கீழே.

எனக்குக் கோபம் வரவில்லை. கேள்வி நியாயமானது, நியாயமான கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது என் கடமை. சாதாரண மனிதன் ஒருவன் வெறும் சட்டையோடு அந்தக் குளிரில் எவ்வளவு நேரம் உயிரோடு இருப்பான். அவ்வளவுதான் தேவை. புத்தகங்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் ஒரே பல்லவி, ஆளுக்கு ஆள் மாறுபடும் என்று. படித்த டாக்டர்கள் கூசாமல் எழுதுகிறார்கள். எங்கள் மன்றத்தில் ஒருவன் இப்படி எழுதினால் அன்றோடு அவனைத் துரத்திவிடுவார்கள்.

அதனால் நேரிலேயே அளந்துவிடலாம் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். யாரும் அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போகவில்லை. வார விடுமுறை அன்று காலையில் என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து, வழியெல்லாம் பேசிக்கொண்டே கிடங்குக்கு வந்தார். கருங்கவசன் எப்படி இருந்தானோ அப்படியே வெறும் சட்டையோடு குளிரறைக்குள் நிற்க வேண்டும், முடியாதபோது கதவை மூன்று தட்டுத் தட்ட வேண்டும், நான் திறப்பேன் என்பது ஏற்பாடு. அரை மணி நேரம் நின்றுவிட்டால் மலைவிழுங்கிக்கு முதலிடம் என்று நிபந்தனை போட்டார். சரி என்றேன். மதியச் சாப்பாட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்று தங்கை வாசல்வரை வந்து சொல்லியனுப்பினாள்.

நான்காம் அறை மைனஸ் இருபத்தைந்து டிகிரி. அந்த வாரம் சரக்கு வராமல் காலியாக இருந்தது. கதவு ஒரு சாண் கனம். தவறிப்போய் யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அமுக்கித் திறக்க உள்பக்கம் ஒரு குமிழ் இருக்கும், பக்கத்திலேயே அபாய மணிக்கு ஒரு பொத்தான். குமிழை மூன்று நாள் முன்பே நான் கழற்றிவிட்டேன், பதிவேட்டில் ‘பழுது’ என்று என் கையெழுத்து இருக்கிறது. அதில் ஒரு பழுதும் இல்லை என்று உங்கள் ஆள் கண்டுபிடித்திருக்கிறார். திறமைசாலி. மணியின் ஒயரையும் பார்த்திருப்பார். ஒன்றை அளக்கும்போது, அளக்கிற பொருள் பாதியில் எழுந்து போய்விடக் கூடாது. எந்தத் தொழிலிலும் இது பாலபாடம்.

பதினொன்று பத்துக்குக் கதவை மூடினேன். வெளியே ஒரு நாற்காலி, நோட்டு, கடிகாரம், பிளாஸ்கில் டீ. காவலாளி முன்வாசலில் இருந்தார், அங்கே ஒன்றும் கேட்காது.

இருபத்திரண்டாவது நிமிடம் தட்டினார். மூன்று தட்டு, விருந்தாளி தட்டுகிற மாதிரி மரியாதையாக. என் கை கைப்பிடிவரை போனது, அதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் யோசித்தேன். இப்போது திறந்தால் கிடைப்பது, ஒரு சாதாரண மனிதன் எவ்வளவு நேரம் நிற்க விரும்புகிறான் என்ற கணக்கு. அவர் கேட்டது எவ்வளவு நேரம் இருக்க முடியும் என்பது. இரண்டும் ஒன்றா? இருபத்திரண்டு நிமிடத்தைக் கொண்டுபோய் மன்றத்தில் வைத்தால் என்னை விட்டுவைப்பார்களா? அவரே முதல் ஆளாகச் சிரிப்பார். நாற்காலியில் உட்கார்ந்து டீயை ஊற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் தட்டல்கள் வந்தன. மூன்று மூன்றாக வரவில்லை, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.

பன்னிரண்டரைக்குத் தங்கை போன் செய்தாள். சாப்பாடு ஆறுகிறது, அவர் போனை எடுக்கவில்லை, உன்கூடத்தானே இருக்கிறார் என்றாள்.

“இங்கதாம்மா இருக்கார். உள்ள சிக்னல் கிடைக்காது. நீ சாப்பிடு.”

அதில் ஒரு வார்த்தையாவது பொய்யா என்று நீங்களே பாருங்கள். நேற்று அவள் இங்கே வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். திட்டியிருக்கலாம். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நாலு நாற்பதுக்குத் திறந்தேன். கதவுக்குப் பக்கத்திலேயே, முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியில் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன், இரண்டு தடவை. ஐந்தரை மணி நேரம் என்று குறித்துக்கொண்டேன். எழுபத்திரண்டை ஐந்தரையால் வகுத்தால் பதின்மூன்று சொச்சம். நாற்பது என்று நான் போட்டது தப்பு. எவ்வளவு பெரிய தப்பு பாருங்கள். எனக்குப் பாதகமான கணக்கு என்று தெரிந்தும், அங்கேயே போனை எடுத்து, அட்டவணையில் நாற்பதை அடித்துப் பதின்மூன்று என்று திருத்தினேன். அதற்குப் பிறகுதான் உங்கள் நிலையத்துக்குப் போன் செய்தேன். தானாகவே சொன்னவன் நான். அதையும் காகிதத்தில் காணோம்.

இதோடு என் வாக்குமூலம் முடிந்துவிட்டது என்றுதான் நேற்று மாலைவரை நினைத்திருந்தேன். நீங்கள் பேனாவை மூடப் போனவர், ஒன்று கேட்டீர்கள். கதவு மூடியிருந்தது, நீ வெளியே இருந்தாய், அவர் எந்த நிமிடத்தில் போனார் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று.

எனக்குத் தெரியாது, ஐயா. இரண்டு மணி நேரத்தில் போயிருக்கலாம், நாலு மணி நேரத்தில் போயிருக்கலாம். கதவைத் திறந்த நேரத்தைத்தான் நான் குறித்தேன். பத்தொன்பது வருட அனுபவஸ்தனுக்கு இது தோன்றவில்லை. அந்தப் பதின்மூன்றும் குத்துமதிப்புதான். அந்த வரியையே எடுத்துவிட வேண்டும். அப்படியானால் அத்தனை நேரம் அங்கே உட்கார்ந்து என்னதான் செய்தாய் என்று கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கதவின் கீழ் மூலையில் ரப்பர் தேய்ந்திருக்கிறது. குனிந்து காதை வைத்தால் உள்ளே பேசுவது கேட்கும். முப்பத்தைந்தாவது நிமிடம் அவர் அங்கே வாயை வைத்துப் பேசினார்.

“மச்சான், போதும், திறங்க. நீங்க சொன்னதுதான் சரி. கருங்கவசன்தான் பெரியவன். நான் ஒத்துக்கறேன்.”

பயத்தில் ஒருவர் ஒத்துக்கொள்வதை அட்டவணையில் ஏற்ற முடியாது, உங்கள் கோர்ட்டிலும் ஏற்க மாட்டார்கள். அதனால்தான் திறக்கவில்லை என்று உங்களிடம் சொல்லத்தான் இருந்தேன். ஆனால் நான் தரையில் மண்டி போட்டு, அந்த ரப்பருக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னது வேறு.

“சரியா கேக்கல மாப்ள. இன்னொரு தடவ சொல்லுங்க.”

சொன்னார். மறுபடியும் கேட்கவில்லை என்றேன். மறுபடியும் சொன்னார், இன்னும் சத்தமாக. பதினொரு தடவை சொன்னார். கடைசிக் கடைசியில் வாக்கியமாக வரவில்லை, கருங்கவசன் என்ற பெயர் மட்டும்தான் வந்தது. அதன்பிறகு அதுவும் வரவில்லை. நான் குனிந்தபடியே இருந்தேன்.

முதல் தடவையே எனக்கு நன்றாகக் கேட்டது.