உப்பானாலும் சரி

ஆகஸ்ட் 9, சனிக்கிழமை, காலை 10.20. தூறல். உக்கடத்திலிருந்து உடுமலை போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஓர் அண்ணியும் நாத்தனாரும். அண்ணியின் மடியில் குழந்தைச் சட்டைகள்.

"ஓடிப்போயிக் கட்டிக்கிட்ட மகளைத் திரும்பிப் பாக்கக்கூடாதுன்னு உங்கண்ணன் சொல்லிப்போட்டாரு அம்மணி. ஆண்டவர் சொல்லை மீறித் திரும்பிப் பாத்தவ உப்புத்தூணாப் போனதை வேதத்தை எடுத்து வாசிச்சே காட்டுனாரு."

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?"

"உப்பானா ஆகட்டும், பேத்திக்குச் சுத்திப்போட ஆகும்னு கெளம்பிப்போட்டேன்."

போன் அடித்தது. கேட்டுவிட்டு அண்ணி மெதுவாகச் சொன்னாள்: "உங்கண்ணன் பின்னாடி பஸ்ல வாராராம். தொட்டில் சேலையும் வாங்கியிருக்காராம்."

"அப்பத் திரும்பிப் பாருங்க அண்ணி!"

பார்த்தாள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று கண்ணைத் துடைத்தாள்.

நானும் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் நான் இறங்கவேண்டிய கிணத்துக்கடவு போய்விட்டது. பொள்ளாச்சி வரைக்கும் கூடுதல் டிக்கெட், திரும்பி வர இன்னொன்று. மனம் குளிர்ந்து கொடுத்தது மொத்தம் முப்பத்தாறு ரூபாய்.