பச்சை நூல் கட்டிய பெட்டி

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். ஒரு பெட்டியை மூடும்போது அதன் ஜிப் இழுவைகளைப் பழைய இடத்தில் விடாமல் நடுவில் விட்டுவிட்டேன்.

மாலை நேர எழுத்துப் பயிற்சி வகுப்பு ஆசிரியை சொன்ன முறைப்படி எழுதுகிறேன். முதல் வரியில் அன்றைய தவறு, கடைசி வரியில் மறுநாள் வேலை, நடுவில் நடந்தது நடந்தபடி. நாட்குறிப்பை அவர் படிப்பதில்லை. எழுதியிருக்கிறதா என்று பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதோடு சரி. அடுத்தவர் அந்தரங்கம் நமக்கெதற்கு என்பார். எனக்கும் அந்தக் கொள்கை பிடிக்கும்.

என் வேலை விமானத்திலிருந்து சாமான் இறக்குவது. விமானத்தின் வயிற்றுக்குள் ஒருவர் மண்டியிட்டு நகர்ந்து பெட்டிகளை வாசலுக்குத் தள்ளுவார். வாசலில் நிற்பவர் அவற்றை ஓடும் பட்டையில் ஏற்றுவார். உள்ளே நிமிர முடியாது. மங்கலான விளக்கு. கேமரா கிடையாது. என்னோடு வேலை செய்பவருக்குத் தொப்பி என்று பட்டப்பெயர். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

வேலைப் பலகையின்படி ஒரு வாரம் நான் உள்ளே, மறுவாரம் அவர் உள்ளே. ஆனால் அவருக்கு முழங்கால் போய்விட்டது. மண்டியிட்டால் எழுந்திருக்க முடியாது. இது மேலே தெரிந்தால் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதனால் அவருடைய வாரத்திலும் நானே உள்ளே போகிறேன். எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் இது தெரியாது. இந்த வாரம் அவருடைய வாரம்.

"என்னடா தம்பி, உள்ளயே குடித்தனம் வச்சுட்டியா? தள்ளுப்பா சீக்கிரம்" என்று இன்று வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஒரு பெட்டி மாட்டிக்கிச்சுண்ணே."

மாட்டிக்கொள்ளவில்லை. திறந்திருந்தது. சரியாகச் சொன்னால் நான் திறந்திருந்தேன். பேனா முனை பட்டால் எந்த ஜிப்பும் பிளந்துவிடும். பிறகு இழுவைகளை ஒரு ஓட்டம் ஓட்டினால் ஒன்றும் நடக்காததுபோல் மூடிக்கொள்ளும். இதை நான் பயணிகளிடமிருந்து மறைக்கவும் இல்லை. அக்கா அதே விமான நிலையத்தில், சாமான் புகார் கவுண்டரில் இருக்கிறாள். சில மாதங்களுக்கு முன்னால், நீதான் எழுதப் படிக்கிறாயே, பயணிகளுக்கு ஒரு அறிவிப்பு எழுதிக் கொடு என்றாள். எழுதிக் கொடுத்தேன். ஜிப்பைப் பூட்டு என்று நம்பாதீர்கள். நகை, மருந்து, கேமரா, முக்கியமான தாள்கள் இவற்றைக் கையிலேயே வைத்திருங்கள். பெட்டியை ஒப்படைக்கும் முன் திறந்த நிலையில் ஒன்று, மூடிய நிலையில் ஒன்று படம் எடுங்கள். வந்து சேர்ந்ததும் ஜிப்பைப் பாருங்கள். ஏதாவது குறைந்தால் சாமான் எடுக்கும் கூடத்தை விட்டு வெளியே போகும் முன்பே புகார் எழுதிக் கொடுங்கள்; வெளியே போனபின் உங்கள் பேச்சை நிரூபிப்பது கஷ்டம். பயணக் காப்பீடு இருந்தால் புகார் நகலைப் பத்திரப்படுத்துங்கள். ஆசிரியை அதைப் படித்துவிட்டு, 'ஆனால்' அதிகமாக வருகிறது, மற்றபடி தெளிவு என்றார். அக்கா கண்ணாடி போட்டு மாட்டிவைத்தாள்.

ஆகவே என் பங்குக்கு எச்சரித்துவிட்டேன். அதற்குப் பிறகும் எடுப்பதில் எனக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஒரு பெட்டியில் ஒரு பொருள்தான். குழந்தைகள் சாமானைத் தொடுவதில்லை. கலைந்த துணியை மடித்து வைக்காமல் மூடுவதில்லை.

இன்றைய பெட்டி நீல நிறம். இழுவைகள் இரண்டையும் பச்சை நூலால் சேர்த்துக் கட்டி வலது மூலையில் விட்டிருந்தார்கள். உள்ளே ஒரு சால்வைக்குள் டார்ச் விளக்கு மாதிரி உலோகத்தில் ஒன்று. ஒரு முனையில் வட்டமான தகடு. கனமாக இருந்தது. விலை உயர்ந்தது என்று நினைத்துக் காலுறைக்குள் செருகிக்கொண்டேன். அண்ணன் மறுபடி குரல் கொடுத்ததில் அவசரமாகி, இழுவைகளைப் பெட்டியின் நடுவிலேயே விட்டுவிட்டேன்.

நாளைய வேலை: கைபேசி ரிப்பேர் கடைக்காரரிடம் பொருளைக் காட்ட வேண்டும்.

மார்ச் 12, புதன்

அக்கா பேசிக்கொண்டிருந்தபோது, "மக பேசினா ஆகாதா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

கடைக்காரர் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன எழவுன்னே தெரியலையேப்பா. யாரு வாங்குவா?" என்று கையில் கொடுத்துவிட்டார். வகுப்புப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து நாற்காலியின் முதுகில் பையை மாட்டினேன். அக்கா வேலை முடிந்து வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நேத்து ஒரு பெரியவர் வந்தாருடா. மகளும் கூட. அவருக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆகி குரலே கிடையாது. ஒரு மெஷினைத் தொண்டையில வச்சு அழுத்திக்கிட்டு உதட்டை அசைச்சா அது பேசுமாம். கையில வச்சிருந்தது வழியில கீழ விழுந்து உடைஞ்சுபோச்சு. பெட்டியில இன்னொண்ணு இருக்குன்னு தைரியமா வந்திருக்காரு. பெட்டி வந்துச்சு, அது வரல."

"துணியில எங்கயாவது சிக்கியிருக்கும்."

"கவுண்டர்லயே எல்லாத்தையும் கொட்டித் தேடியாச்சு. அவங்க மடிச்சதைவிட நல்லா மடிச்சு வச்சிருக்கான் பாவி. அந்தப் பொண்ணு சொல்லுது, எடுத்தவன் ரொம்ப ஒழுங்கான ஆளுன்னு."

அந்த வார்த்தை எனக்கு ஒரு நொடி நன்றாக இருந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது நடந்தபடி என்பது ஆசிரியையின் விதி.

"புறப்படறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்திருக்கா. ஜிப்பு வலது மூலையில இருக்கு, வந்தப்ப நடுவில. நம்ம கூடத்தை விட்டு ஒரு அடி நகரல அந்தப் பொண்ணு. மறுக்கவே முடியாது."

பிறகு அக்கா மற்றதைச் சொன்னாள். பெரியவரின் அண்ணன் இங்கே மருத்துவமனையில் இருக்கிறார். கண் திறக்கவில்லை. காது மட்டும் கேட்கக்கூடும் என்கிறார் டாக்டர், அதுவும் இன்னும் ஓரிரு நாள்தான். வீட்டுச் சண்டை ஒன்றில் அண்ணனும் தம்பியும் பல வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. கடைசியாக ஒன்று சொல்லத்தான் தம்பி வந்திருக்கிறார். எழுதிக் காட்ட அங்கே கண் இல்லை. சொல்ல இங்கே குரல் இல்லை. புதுக் கருவி வரவழைக்க ஒரு வாரமாவது ஆகும்.

அப்போதுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஒடம்பொறந்தவங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும்டா. எல்லாத்தையும் மககிட்ட சொல்லிட முடியுமா? நாளைக்கு நான் அப்படிக் கெடந்தா, நீ யாரையாவது விட்டுப் பேசச் சொல்லுவியா?"

நான் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ஓய்வறை வாசல்ல ஒரு அட்டைப்பெட்டி வைக்கப்போறேன். எடுத்தவன் போட்டுட்டுப் போயிடட்டும், யாரு என்னன்னு கேக்க மாட்டோம்னு எழுதி. சூப்பர்வைசரும் நாளைக்கு மதியம் வரைக்கும் பொறுக்கறேன்னுட்டாரு. பேனா குடு."

நான் எழுவதற்குள் அவள் கையைப் பின்னால் நீட்டி என் பைக்குள் விட்டுவிட்டாள். உள்ளே துழாவும் சத்தம் கேட்டது. உலோகத்தில் வளையல் படுவதுபோல் ஒரு சின்ன ஒலி. கை வெளியே வந்தபோது அதில் பேனா இருந்தது.

"முனை ஏண்டா இப்படிக் கோணியிருக்கு?"

"கீழ விழுந்துச்சு."

"ஒரு சாமானையும் உருப்படியா வச்சுக்கத் தெரியாது உனக்கு" என்று சொல்லிவிட்டு அந்தப் பேனாவாலேயே எழுதினாள்.

அவள் எழுந்து போனபின் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கருவியைத் தொண்டையில் வைத்துப் பார்த்தேன். முதலில் வண்டு மாதிரி இரைந்தது. இடத்தை மாற்றி மாற்றி அழுத்தி, மூச்சு விடாமல் உதட்டை மட்டும் அசைத்தேன். பேசியது. என் குரல் இல்லை, யார் குரலும் இல்லை. தெளிவாக மட்டும் இருந்தது. என்ன சொல்லிப் பார்ப்பது என்று யோசித்து, விசாரணைக்குப் பயன்படட்டும் என்று, நான் எடுக்கவில்லை என்பதைச் சில தடவை சொல்லிப் பார்த்தேன்.

நாளைய வேலை: மதியத்துக்குள் அட்டைப்பெட்டியில் போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

இன்று முடிவு செய்யத் தாமதித்துவிட்டேன்.

காலையில் ஓய்வறைப் பக்கம் போனேன். வழியில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவர் அட்டைப்பெட்டியை எட்டிப் பார்த்து, "உண்டியலா இது? கும்பிட்டுட்டுப் போகவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கருவி காலுறைக்குள் கணுக்காலை அழுத்திக்கொண்டிருந்தது. கொஞ்சம் கூட்டம் குறையட்டும் என்று வேலைக்குப் போய்விட்டேன்.

மதியம் சூப்பர்வைசர் என்னையும் தொப்பி அண்ணனையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் பெட்டியின் இரண்டு படங்கள். பச்சை நூல் ஒன்றில் வலது மூலையில், மற்றதில் நடுவில்.

"செவ்வாய்க்கிழமை உள்ள யாரு?"

சுவரில் வேலைப் பலகை இருந்தது. அவரே திரும்பிப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. வாசலில் நின்று பெட்டிக்குக் காத்திருப்பாரே, அதே பார்வை. தான் உள்ளே இல்லை என்று அவர் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். முழங்கால் வெளியே வரும், வேலை போகும். அவர் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். அதையெல்லாம் அவர் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் சார் உள்ள இருந்தேன்" என்றார். "ஆனா நான் எடுக்கல. என் புள்ளை மேல சத்தியமா."

"நீ என்னப்பா சொல்றே?" என்று சூப்பர்வைசர் என்னிடம் கேட்டார்.

"அண்ணன் எடுக்க மாட்டாரு சார்."

இது முழுக்க உண்மை. இன்று அந்த அறையில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

விசாரணை முடியும்வரை அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அலமாரியைக் காலி செய்யும்போது அண்ணன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். தலை முக்கால்வாசி வழுக்கை. முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

"தம்பி, உன்கிட்ட ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்கண்ணே."

தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "வேணாம் விடு" என்று சொல்லி, காலை இழுத்துக்கொண்டு போனார்.

அவர் போனபின் ஓய்வறை வாசலில் யாரும் இல்லை. அட்டைப்பெட்டிமுன் நின்று ஒழுங்காக யோசித்தேன். சூப்பர்வைசர் சொன்ன கெடு முடிந்திருந்தாலும் பெட்டியை யாரும் எடுக்கவில்லை. இப்போது போட்டால் சாயங்காலத்துக்குள் அக்கா மருத்துவமனையில் கொடுத்துவிடுவாள். பெரியவர் பேசிவிடுவார். ஆனால் அண்ணன் அறையை விட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் பொருள் கிடைத்தால், அவர்தான் பயந்து போட்டார் என்பார்கள். இப்போது வெறும் சந்தேகம். அப்போது அது நிரூபணம். ஒரு மனிதரின் மானத்தோடு விளையாட எனக்கு உரிமை இல்லை. அண்ணனுக்காக, போடாமல் திரும்பி வந்தேன்.

நாளைய வேலை: நோயாளி எப்படி இருக்கிறார் என்று அக்காவிடம் விசாரிக்க வேண்டும். சாதாரணமாகக் கேட்க வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

இன்று நான் விசாரிக்க மறந்துவிட்டேன். அக்காவே சொன்னாள்.

பெரியவரின் அண்ணன் விடிந்து கொஞ்ச நேரத்தில் போய்விட்டாராம். தம்பி பக்கத்திலேயே இருந்திருக்கிறார். அண்ணனின் கையை எடுத்துத் தன் தொண்டைமேல் வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தாராம். என்ன சொன்னார் என்று மகளுக்கும் தெரியவில்லை.

அக்கா அழவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினாள். "அந்தப் பொண்ணு மத்தியானம் கவுண்டருக்கு வந்துச்சுடா. திட்டத்தான் வருதுன்னு நெனச்சேன். புகார் நகல் வாங்க வந்திருக்கு. போன தடவை பெரியப்பாவைப் பாக்க வந்தப்ப நம்ம அறிவிப்பைப் படிச்சுதான் போட்டோ எடுக்கவே தோணுச்சாம். கூடத்தை விட்டு நகராம நின்னதும் அதனாலதானாம். இவ்வளவு அக்கறையா எழுதினது யாருன்னு கேட்டுச்சு."

"என்ன சொன்னே?"

"என் தம்பின்னு சொன்னேன். உன்கிட்ட நன்றி சொல்லச் சொன்னுச்சு."

சொல்லிவிட்டு என் தலையில் கை வைத்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் அப்படிச் செய்ததில்லை.

இதை மறைக்காமல் எழுதுகிறேன். கருவியை எடுத்தது நான். திருப்பிக் கொடுக்க முடிந்தபோது கொடுக்காதது நான். அண்ணன் என்னைப் பார்த்தபோது படத்தைப் பார்த்தது நான். கருவி இப்போது என் மேசை இழுப்பறையில், ஒரு கைக்குட்டைக்குள், மடித்து வைத்திருக்கிறேன்.

ஆனால் தவறு எங்கே தொடங்கியது என்று ஒழுங்காகப் பின்னோக்கிப் போனால் வேறொரு இடத்துக்கு வந்து சேர்கிறேன். அறிவிப்பில் நகை எழுதினேன், மருந்து எழுதினேன், கேமரா எழுதினேன். பேச, கேட்க, நடக்க உதவும் கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுதியிருந்தால் அந்தப் பெண் படித்திருப்பாள். இரண்டாவது கருவியையும் அப்பா கையிலேயே கொடுத்திருப்பாள். என் கைக்கு வந்திருக்காது. எவ்வளவு யோசித்துப் பார்த்தாலும் என் உண்மையான தவறு அதுதான்.

நாளைய வேலை: அறிவிப்பில் ஒரு வரி சேர்த்து, கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதி அக்காவிடம் கொடுக்க வேண்டும்.