கன்னுக்குட்டி ஓட்டி வந்தவர்

...சட்டத்தைப் பத்தி இந்த மேடையில எனக்கு முன்னால பேசினவங்க எல்லாம் பேசிட்டாங்க. சுட்டது தற்காப்பா, கொலையா... கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போச்சுங்க. அதனால சட்டத்தை ஓரமா வெச்சுட்டு ஒரு சின்ன சங்கதி சொல்றேன். கொஞ்சம் காது கொடுங்க.

மலையடிவாரத்துல ஒரு ஊரு. அங்கே வெள்ளியங்கிரி, நஞ்சப்பன்னு ரெண்டு விவசாயிங்க. பக்கத்துப் பக்கத்துத் தோட்டம். வேலித் தகராறுல பேச்சு நின்னுபோச்சு. ஒரு வருசமில்லை, ரெண்டு வருசமில்லை... பேரைக்கூட வாயில எடுக்க மாட்டாங்க.

ஆனா ஆடு மாட்டுக்கு வேலி தெரியுமா? தெரியாது. இவரு மாடு அங்கே போகும், அவரு ஆடு இங்கே வரும். பேசாத வீட்டு உருப்படி வந்துட்டா என்ன வழக்கம்? சத்தமில்லாமக் கொண்டுபோய், அவங்க வாசல் கேட்டுல கட்டிட்டுத் திரும்பி வந்துடணும். அவ்வளவுதான். கூப்பிடறதில்லை.

அந்த வாரம் ஊருல மோட்டார் ஒயர் திருட்டு. தடுக்கப் போன ஒருத்தரை வெட்டிட்டாங்க. எல்லாருக்கும் பயம். வெள்ளியங்கிரிகிட்ட பன்னி விரட்ட லைசென்ஸ் துப்பாக்கி இருந்துச்சு. பொழுது சாயுற நேரம். பனி இறங்குது. அவரு வீட்டுத் தகரக் கேட்டு கடகடன்னு ஆடுது...

"யாரது?"

இந்த ஒரு வார்த்தை வெள்ளியங்கிரி கேட்டாரா? கேக்கலை. சுட்டுட்டாரு.

ஓடிப்போய்ப் பார்த்தா நஞ்சப்பன் விழுந்து கிடக்காரு. கையில கயிறு. கயித்து முனையில வெள்ளியங்கிரி வீட்டுக் கன்னுக்குட்டி நடுங்கிட்டு நிக்குது.

அப்புறம் என்ன? டிவி வண்டி வந்துச்சு. ஊரு ரெண்டாச்சு. "பயந்தவன் சுடாம என்ன பண்ணுவான்? சட்டமே இடம் கொடுக்குது!"ன்னு ஒரு கூட்டம். "கேட்டுக்கு வெளியே நின்ன மனுசனைச் சுடறதுக்குப் பேரு தற்காப்பா?"ன்னு இன்னொரு கூட்டம். கடைசியில கல்யாண மண்டபத்துல சமாதானக் கூட்டம் போட்டாங்க. நானும் போயிருந்தேன். சமாதானக் கூட்டத்துலயும் இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம்.

நஞ்சப்பன் சம்சாரம் பழனாத்தா வந்திருந்தாங்க. மைக்கை அவங்க கையில கொடுத்து, "நீங்களே சொல்லுங்கம்மா, இது தற்காப்பா, கொலையா?"ன்னு கேட்டாங்க. புருசனைப் பறிகொடுத்தவகிட்ட கேக்கற கேள்வியா அது?

அந்தம்மா சொல்லுச்சு... "அது கோர்ட்டு சொல்லட்டுமுங்க. சுட்டவரு செஞ்சதுக்கு அவரு பதில் சொல்லோணும், நான் விடமாட்டேன். ஆனா எங்கூட்டுக்காரரு கெளம்பறப்போ, 'ஒரு சத்தம் போட்டுட்டுப் போங்க, ஊரு கெட்டுக் கெடக்குது'ன்னேனுங்க. 'அவன்கிட்ட நானா மொதல்ல பேசறது?'ன்னுட்டுப் போனாருங்க... திரும்பி வரலீங்க."



அப்புறம் இந்தப் பக்கம் பார்த்துச்சு. அந்தப் பக்கம் பார்த்துச்சு. "ஏனுங்க, போன மாசம் வரைக்கும் நீங்கெல்லாம் ஒண்ணாத்தானே இருந்தீங்க? இப்போ பேசிக்கறதில்லையாமா? நாளைக்கு உங்கூட்டுக் கன்னுக்குட்டிய ஓட்டியாந்து உடறவன் எப்படீங்க வருவான்? சத்தம் போட்டுட்டு வருவானா?"

 

ஐயா... அம்மா... சட்டம் வேணும். துப்பாக்கி எடுத்தவன் எந்த இடத்துல நிறுத்திக்கணும்னு எழுதி வைக்கணும்; அதை மீறினா தண்டிக்கணும். சண்டை போட்டாவது அதை வாங்குங்க. ஆனா சட்டம் எப்போ வருது? குண்டு பாய்ஞ்ச பிறகு வருது. அதுக்கு முன்னால, கேட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவனுக்கு ஒரு குரல் இருக்கு. அந்தக் குரலை நிறுத்தினது யாரு? சட்டமா? நாமதானே?

முடிச்சுக்கறேன். வீட்டுக்குப் போற வழியில, பேச்சு நின்னுபோன வீடு ஒண்ணு உங்க எல்லாருக்கும் இருக்கும். அந்த வாசல்ல நின்னு ஒரு சத்தம் கொடுங்க... "நான்தாங்க"ன்னு. பதில் வரலைன்னாலும் பரவாயில்லை. நீங்க யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடும்.