நாற்பதாம் நாள் முழுக்கு

— பூட்டைத் திறங்க மாப்பிள்ளை. பச்சப்புள்ளைய வெச்சுக்கிட்டு இந்தக் கம்பிவேலிக்கு வெளியில எவ்வளவு நேரம் நிக்கிறது?

— அது வந்து அத்தை... உள்ள யாரும் இறங்கக் கூடாதுன்னு உத்தரவு. நான் வெறும் காவக்காரன். என்ன பண்ணச் சொல்றீங்க?

— காவலாம் காவல்! யாருகிட்டருந்து யாரக் காக்குறீங்க? இது உங்க பொண்ணு. பொறந்து இன்னிக்கு நாப்பதாம் நாள். ரோமாபுரிக்காரன் இந்த வெந்நிக் குளத்தக் கட்டிட்டுப் போனதுலருந்து, இந்த ஊர்ப் புள்ள எது இதுல முங்காம வளந்திருக்கு? நான் முங்கினேன், உங்க பொண்டாட்டி முங்கினா, மூக்கொழுகிக்கிட்டு நீங்களும் இதுலதான் முங்கினீங்க!

— அது வந்து அத்தை... அப்ப இது குளம். இப்ப புராதனச் சின்னம்.

— பெரிய சின்னம்! நேத்து ஒரு ஜெர்மன்காரன் அந்தத் தூணு மேல உக்காந்து எள்ளு ரொட்டி தின்னானே, அவன ஒரு வார்த்தை கேட்டீங்களா?

— அவரு டிக்கெட் எடுத்தவரு.

— எனக்கும் ஒண்ணு கிழிங்க அப்ப!

— டிக்கெட் பாக்கறதுக்குத்தான் அத்தை, குளிக்க இல்ல. பத்து மணிக்கு மேல வாங்க. ஆவி வரும், குழந்தையோட படம் எடுத்துக்கலாம்.

— பத்து மணிக்கு ஆவி வருமா? விடியறப்பல்ல குபுகுபுன்னு கெளம்பும், எதிர்க்கரையே தெரியாது! இன்னிக்கு என்ன, அந்தக் கடைசிப் படிக்கட்டு வரைக்கும் பளிச்சுனு தெரியுது? ஆவிக்கும் ஆபீஸ் நேரம் வெச்சுட்டானுங்களா?

— காத்து அடிக்குதுல்ல அத்தை...

— ஒரு இலை அசையல, காத்தாம். என் மக குல்ஷனும் இப்படித்தான் ஒளர்றா. தாயும் புள்ளையும் சேந்து முங்கணும். அவ தலைவலின்னு போத்திப் படுத்துட்டா. "வீட்டுலயே வெந்நி வெச்சு ஊத்தும்மா"ங்கிறா. குழாத்தண்ணிய ஊத்தி நாப்பது கழிக்க, இந்த ஹாஜரோட பேத்தி என்ன அங்காராப் பட்டணத்துலயா பொறந்தா?

— அவ சொன்னதக் கேட்டிருக்கலாம்.

— கேக்காம? தனி வீடு வேணும்னு ரெண்டு பேரும் மூக்கால அழுதீங்க. என் மாதுளந்தோட்டத்த அந்தக் கண்ணாடி ஓட்டலுக்கு வித்து வாங்கிக் குடுக்கலையா? அங்க வெள்ளை அங்கி போட்டவனெல்லாம் பொழுதன்னிக்கும் வெந்நியில ஊறிக் கெடக்கான். எங்க புள்ள எங்க குளத்துல மூணு முங்கு முங்கினா மட்டும் எல்லாம் இடிஞ்சு விழுந்துருமா?

— கத்தாதீங்க அத்தை. பாப்பா முழிச்சுக்கும்.

— முழிக்கட்டும்! அப்பன் லட்சணத்தப் பாக்கட்டும். மாப்பிள்ளைன்னு இவ்வளவு நேரம் மரியாதை குடுத்தேன். தள்ளுடா! பின்பக்கம் அத்திமரத்துக்கிட்ட வேலி பிஞ்சு கெடக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?

— அத்தை! அங்க போகாதீங்க! படி வழுக்கும்! ஐயோ, பாப்பாவ எறக்காதீங்க!

— முதல்ல சூடு பாக்க வேணாமா... யா அல்லா!

— கையை எடுங்க. பாப்பாவ இப்படிக் குடுங்க.

— துன்ஜாய்... இது ஏண்டா இப்படிச் சில்லுன்னு இருக்கு?

— அது வந்து... ஊத்து வத்திப் போச்சு அத்தை. லாரியில தண்ணி கொண்டாந்து ஊத்துறோம். டிக்கெட் குடுக்கற நேரத்துக்கு மெஷின்ல புகை விடுறோம். வெளியில தெரிஞ்சா என் வேலை போயிடும். ஊருக்கும் ஒரு ஆள் வர மாட்டான்.

— வத்திப் போச்சா? நிலநடுக்கத்துலயே வத்தாத ஊத்துடா இது! என்ன பண்ணித் தொலைச்சீங்க?

— மேட்டுல ஆழ்துளை போட்டு மொத்தத்தையும் உறிஞ்சுட்டாங்க. ஊத்துக்கண்ணு அங்கதான் இருந்திருக்கு. விடுங்க அத்தை, வாங்க வீட்டுக்குப் போவோம்.

— விடறதா? என் பேத்தி நாப்பது கழியாம நிக்கிறா, விடறதா? துளை போட எவண்டா நெலம் குடுத்தான்? எந்தக் கேடுகெட்டவன் வித்தான்? அந்தக் காசுல வாங்கின வீடு இடிஞ்சு அவன் குடும்பத்து மேலயே விழட்டும்!

— ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க அத்தை... உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அவ தலைவலின்னு, நீங்க வாங்கிக் குடுத்த அந்த வீட்டுலயே படுத்திருக்கா.