பூமியை ஒரே முறை எண்ணக் கற்பித்த விபெக்கா தோருப் அவர்களுக்கு

சூத்திரத்துக்கு முன் சொல்லைக் கேட்டவரே, கணக்கைத் தொடுமுன் கயிற்றைக் கையில் எடுத்தவரே, கடற்காற்றை எதிர்த்துச் சைக்கிள் மிதித்து வந்தும் காலை வகுப்பை ஒருநாளும் காக்க வைக்காதவரே, வெஸ்டர்ஹாவ்ன் பொறியியல் கல்லூரியின் இயற்பியல் துறையிலிருந்து இன்று விடைபெறும் எங்கள் மதிப்பிற்குரிய விபெக்கா தோருப் அவர்களே, உடன் பணியாற்றிய எங்கள் அனைவரின் வணக்கம்.

அடைமொழிகள் உங்களுக்குப் பிடிக்காது என்பதை அறிவோம். ஒரு பாராட்டு மடலுக்கு இவ்வளவாவது வேண்டும் என்பதால் மேலே உள்ளவற்றைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இனிமேல் வருவன நடந்தவை மட்டுமே.

பொறியியல் படிப்புக்குள் நுழைய விரும்புவோருக்கான முதல் இயற்பியல் பாடத்தை முப்பத்தோர் ஆண்டுகள் நடத்தினீர்கள். பள்ளியை எப்போதோ விட்டவர்கள், பட்டறையிலிருந்து வந்தவர்கள், கைக்குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் என்று எல்லோரும் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். எல்லோரும் தேறினார்கள் என்று இந்த மடல் சொல்லாது. சொன்னால் நீங்களே எழுந்து திருத்துவீர்கள். ஆனால் தோற்றவர்களுக்கும் எந்த இடத்தில் தோற்றோம் என்பது தெரிந்திருந்தது. அது எல்லா வகுப்புகளிலும் கிடைப்பதில்லை.

ஆற்றல் பாடத்தின் முதல் மூன்று வாரமும் நீங்கள் பலகையில் ஒரு சமன்பாடும் எழுதியதில்லை. மேசைமேல் ஒரு கயிற்றை வட்டமாகப் போடுவீர்கள். வட்டத்துக்குள் ஒரு பந்து, ஒரு சுருள்வில், பூமிக்குப் பதிலாக ஒரு உருளைக்கிழங்கு. "உள்ள யாரு, வெளிய யாரு? அத மொதல்ல சொல்லுங்க. அப்புறம் கோட்டத் தாண்டி எது வருது, எது போகுதுன்னு பாக்கலாம்" என்பீர்கள். அந்நாளைய துறைத்தலைவர் பிரெபன் கதவருகே நின்று பார்த்துவிட்டு, "விபெக்கா, இது காலேஜா, பாலர் பள்ளியா?" என்று கேட்டது எங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கிறது. "பாலர் பள்ளியில யாரும் பூமிய ரெண்டு தடவ எண்ணறதில்ல பிரெபன்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தீர்கள். அவர் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

பூமியை இரண்டு தடவை எண்ணுவது என்ன பிழை என்பது துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மேட்டிலிருந்து ஒருவர் சைக்கிளில் மிதிக்காமல் இறங்குகிறார். உயரத்தில் இருந்ததால் அவருக்கு நிலையாற்றல் இருந்தது, அது வேகமாக மாறியது என்று ஒரு வரி எழுதலாம். அல்லது பூமி வெளியிலிருந்து அவரை இழுத்து வேலை செய்தது, அதனால் வேகம் வந்தது என்று எழுதலாம். இரண்டும் ஒரே சங்கதி. இரண்டையும் எழுதிக் கூட்டினால் சைக்கிள்காரர் ஊருக்குள் கார்களை முந்திக்கொண்டு போவார். முதலாண்டு மாணவர்களில் பாதிப்பேர் அவரை அப்படித்தான் அனுப்பி வைக்கிறார்கள்.

ஹார்டி கியோல்பியும் அப்படித்தான் அனுப்பினார். இன்று மூன்றாம் வரிசையில், துணைவியார் அஸ்தாவுக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் அவர்தான். கடலுக்குக் குறுக்கே பெரிய பாலம் திறந்து, ஆட்களை ஏற்றிச் சென்ற படகுகள் நின்றபோது படகுச் சமையலறையில் வேலை இழந்தவர். நாற்பத்து நான்கு வயதில் உங்கள் வகுப்புக்கு வந்தார், உங்களைவிட மூத்தவர். முதல் வாய்மொழித் தேர்வில் சைக்கிள் கேள்வி வந்தது. பூமியை இரண்டு முறை எண்ணித் தோற்றார். இரண்டாம் முறை நீச்சல் குளத்தில் குதிப்பவர் பற்றிய கேள்வி. அதிலும் அதே பிழை. மூன்றாம் முறையும் தவறினால் இந்தப் பாடத்தில் மறுபடி தேர்வுக்கு வர விதியில்லை. பொறியியல் கதவு அவருக்கு அத்தோடு மூடிவிடும்.

அப்போது அவர் உங்களிடம் வந்து, "சூத்திரத்த மட்டும் குடுங்க விபெக்கா, மனப்பாடம் பண்ணிக்கறேன். படகுல மொத்தச் சாப்பாட்டுப் பட்டியலும் எனக்கு மனப்பாடம்" என்றாராம்.

"மனப்பாடம் பண்ணா இதே தப்ப இன்னும் வேகமாப் பண்ணுவீங்க" என்று சொல்லிக் கயிற்றைக் கொடுத்தனுப்பினீர்கள்.

அந்த இலையுதிர் காலம் முழுக்கக் கயிறு அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. கெட்டிலைச் சுற்றி, மீன் வாணலியைச் சுற்றி, மேசைக்கடியில் படுக்கும் நாயைச் சுற்றி. "இங்க ஒரு தட்டு வைக்கணும். நான் உள்ளயா வெளியயா?" என்று அஸ்தா கேட்டதாகவும், "நீ உள்ள, ஒன் அம்மா வெளிய" என்று இவர் சொன்னதாகவும், அன்றிரவு தட்டு வரவில்லை என்றும் அறிகிறோம்.

மூன்றாம் தேர்வன்று வழக்கம்போலப் பச்சைத் துணி விரித்த மேசை. ஒரு பக்கம் நீங்கள், பக்கத்தில் வெளியூரிலிருந்து வந்த புறத்தேர்வாளர், அவர் முன் காபி. கதவுக்கு வெளியே அஸ்தா, கைப்பையில், தேறினால் ஆட்டிக் கொண்டாடச் சின்னக் காகிதக் கொடிகள். முதல் தேர்வுக்கு வாங்கியவை. இரண்டு முறை பையைவிட்டு வெளியே வராமல் ஓரம் மடங்கிப் போயிருந்தன. ஹார்டி கேள்விச் சீட்டு எடுத்தார். பனிச்சரிவில் சறுக்குவண்டியில் இறங்கும் குழந்தை, உராய்வும் உண்டு. கயிறு வீட்டில் இருந்தது. தேர்வறைக்குள் கொண்டுவர அனுமதியில்லை.

ஹார்டி பலகையில் நிலையாற்றலை எழுதினார். அதற்குக் கீழே பூமி செய்த வேலையையும் எழுதினார். அதே பிழை, அதே இடம். புறத்தேர்வாளர் பேனாவை எடுத்தார். நீங்கள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். மாணவருக்குச் சாடை காட்டக்கூடாது என்பது விதி. உங்கள் முகமும் சாடை காட்டிவிடக்கூடும் என்று நினைத்ததாகப் பின்னாளில் சொன்னீர்கள்.

ஹார்டி குனிந்தார். காலணியைக் கட்டுகிறார் என்றுதான் புறத்தேர்வாளர் எண்ணினாராம். அவரோ காலணிக் கயிற்றை முழுவதுமாக உருவி எடுத்துப் பச்சைத் துணிமேல் வட்டமாகப் போட்டார். உள்ளே சுண்ணக்கட்டியை வைத்தார், சறுக்குவண்டி. பலகைத் துடைப்பானை வைத்தார், பனி. பிறகு கை நீட்டினார்.

"ஒங்க காபியக் கொஞ்சம் குடுங்க சார்."

"எதுக்கு?"

"பூமி வேணும்."

கோப்பையும் வட்டத்துக்குள் போயிற்று. அதைச் சுட்டிக்காட்டி, "பூமி உள்ள இருக்கு. உள்ள இருக்கறது வெளிய நின்னு இழுக்க முடியாது" என்று சொல்லி இரண்டாம் வரியைக் கையாலேயே அழித்தார்.

"சரி, உராய்வுல போனது எங்க போச்சு?" என்று புறத்தேர்வாளர் விடாமல் கேட்டார்.

"எங்கயும் போகல. பனியிலயும் வண்டியோட அடியிலயும் சூடா இருக்கு. ரெண்டுமே கயித்துக்கு உள்ளதான். இப்ப நான் காபியத் திருப்பிக் குடுக்கலாமா?"

மதிப்பெண் உயர்ந்ததல்ல, தேர்ச்சிக்குச் சற்று மேலே. கயிற்றை மேசையிலேயே விட்டுவிட்டு, ஒரு காலணி கழன்று தட்டத் தட்டத் தாழ்வாரத்துக்கு வந்தவரிடம் அஸ்தா கைப்பையைப் பிடித்தபடி, "எடுக்கவா?" என்றார். "எடு" என்றார் ஹார்டி. பொறியியல் முடித்து, நம்மூர் வீடுகளையெல்லாம் சூடாக்கக் குழாயில் வெந்நீர் அனுப்பும் வெப்ப நிலையத்தில் இருபதாண்டு வேலை பார்த்து அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். இந்த மண்டபத்தின் சுவரோரம் இப்போது ஓடும் வெந்நீர் அவர் வகுத்த குழாய் வழியாகத்தான் வருகிறது.

குறை சொல்லாத மடலை நீங்கள் நம்பமாட்டீர்கள். வெள்ளிக்கிழமை காலை ரொட்டி வாங்கி வரும் முறை உங்களுக்கு வந்த வாரங்களில் பாதி வாரம் நாங்கள் வெறுங்காபி குடித்தோம். துறைக்கூட்டங்களில் கடிகாரத்தைப் பார்த்தே எங்களைப் பேசவிடாமல் செய்தீர்கள். தேர்ச்சி விகிதம் போதாது, மூன்று வாரக் கயிற்றை ஒரு வாரமாகக் குறையுங்கள் என்று மேலிடம் கேட்டபோது, "ஒரு வாரத்துல கயித்தத்தான் காட்ட முடியும்" என்று சொன்னதோடு சரி. வேறு விளக்கம் கொடுக்க மறுத்துவிட்டீர்கள். அந்த விளக்கத்தை உங்களுக்குப் பதிலாக நாங்கள் எழுதி அனுப்பினோம். அடுத்த பருவத்திலும் மூன்று வாரம்தான் என்று போன திங்களன்று ஒப்புதல் வந்தது. ஆகவே வகுப்பறைக் கயிறு உங்களுக்கு நினைவுப் பரிசாகக் கிடைக்காது. அது வேலையில் இருக்கிறது.

அதற்குப் பதிலாக, உங்கள் அறையைக் காலி செய்தபோது சுண்ணக்கட்டித் தகரத்தின் அடியில் கிடைத்ததை ஹார்டியின் சம்மதத்தோடு சேர்த்திருக்கிறோம். இந்தத் தாளைச் சுற்றிக் கண்ணாடிக்குள் ஓடும் பழுப்புக் கயிறு அவருடைய காலணிக் கயிறு. உள்ளே யார் என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறோம்: உங்கள் பெயர், அவர் பெயர், கீழே எங்கள் எல்லோருடைய பெயர்கள். சட்டம் போட்டவர் பெரிய தாளை எடுத்துவிட்டதால் வலது கீழ்மூலையில் இரு முனைகளும் சேரவில்லை. ஒரு விரல் அகலம் திறந்திருக்கிறது. மாற்றித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றோம். நீங்கள் இன்று வெளியே போக ஒரு வழி வேண்டும். போவது இல்லாமல் போவதல்ல, கோட்டுக்கு அப்பால் எண்ணப்படும் என்பது நீங்கள் முதல் வாரத்தில் நடத்தும் பாடம்.

அப்பால் உங்கள் நாட்கள் நீளட்டும். முழங்கால் சைக்கிளுக்கு ஒத்துழைக்கட்டும். காற்று எப்போதாவது முதுகுப் பக்கமிருந்து வீசட்டும். வெள்ளிக்கிழமைகளில் ரொட்டி இங்கே இருக்கும். வாங்குவது எங்கள் முறை.

இங்ஙனம்,
கயிற்றுக்கு உள்ளிருந்து,
இயற்பியல் துறை ஆசிரியர்களும் ஆய்வகப் பணியாளர்களும்,
வெஸ்டர்ஹாவ்ன் பொறியியல் கல்லூரி